எதிரே உட்கார ஆள் தேடியபோது

1946ஆம் வருடம், ஐப்பசி ஒன்பதாம் தேதி, பகல் பன்னிரண்டே முக்கால் மணி. காலையிலிருந்து விடாத தூறல். திருத்தணி மலைமேல் கோயில் இருக்கிற இடத்தில் வெறும் மேகம்தான் தெரிந்தது. மணிச்சத்தம் மட்டும் கீழே இறங்கி வந்தது. எதையும் எண்ணி வைத்துக்கொள்வது என் சுபாவம். அதற்காக என் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எத்தனை தடவை என்பதை மட்டும் எண்ணவில்லை.

அப்போது எனக்கு முப்பத்தொரு வயது. தொழில், படம் வரைவது. படம் என்றால் பெரும்பாலும் செத்துப்போனவர்கள் படம். ஒரு புகைப்படம்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டவர்கள்தான் அந்தக் காலத்தில் அதிகம். காரியத்துக்குள் படம் வேண்டும் என்று வீட்டார் வருவார்கள். சாயல் ஒத்த தம்பியையோ மகனையோ எதிரே உட்கார வைத்து, "மூக்கு இன்னும் கொஞ்சம் நீளங்க", "காது பெரிசுங்க" என்று சுற்றி நிற்பவர்கள் சொல்லச் சொல்ல, நான் பார்த்தே இராத முகத்தை வரைந்து கொடுப்பேன். அப்படி நூற்றுப் பன்னிரண்டு முகங்கள்.

அந்த வருடம் சென்னையில் ஓர் ஓவியக் கண்காட்சி நடக்க இருந்தது. காலண்டர் படங்கள் அச்சிடும் ஓர் அச்சகத்து முதலாளி, அதில் என் படங்கள் தேறினால் மாதம் அறுபது ரூபாய் சம்பளத்தில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். மூன்று படங்கள் அனுப்ப வேண்டும். மூன்றில் ஒன்று, உயிருள்ள ஒருவரை எதிரே வைத்து வரைந்ததாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஐப்பசி இருபத்தைந்துக்குள் சென்னை போய்ச் சேர வேண்டும். மலையையும் குளத்தையும் வரைந்து இரண்டு படங்களை முன்பே முடித்துவிட்டேன்.

ஆடிக் கிருத்திகையன்று காவடிக் கூட்டத்தைப் பார்த்து வரையலாம் என்று படியோரச் சுவர்மேல் ஏறி நின்றேன். கூட்டம் ஒரு நெருக்கு நெருக்கியது. விழுந்ததில் வலது மணிக்கட்டு போயிற்று. எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் புத்தூர் வைத்தியர்கள்தான். மூங்கில் பத்தையும் பச்சிலையும் முட்டையும் வைத்து மூன்று தடவை கட்டினார்கள். புரட்டாசிக் கடைசியில் கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது. ஆனால் விரல்கள் மடங்க மறுத்தன. தூரிகையைப் பிடித்தால் நழுவி விழும். கடைசியில் தூரிகைக் காம்பின்மேல் பழைய வேட்டித் துணியைச் சுற்றிச் சுற்றி உலக்கை மாதிரி தடியாக்கி, அதைப் பிடித்துப் பழகிக்கொண்டிருந்தேன்.

கையாவது இப்படி ஒத்துழைத்தது. எதிரே உட்கார ஆள்தான் கிடைக்கவில்லை. செத்தவருக்காக என் முன்னால் உட்காருவார்கள், மாலை விழப்போவது அவருக்குத்தானே. தனக்காக உட்காரச் சொன்னால் ஓடுவார்கள். ஸ்டேஷன் ரோட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர் என்னைக் கண்டதும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, "சாமி, என்னை அப்படி உத்துப் பாக்காதீங்க. ரெண்டு பொண்ணுங்க இன்னும் கல்யாணத்துக்கு நிக்குது!" என்றார். கடையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த நிலைமையில்தான் அந்தத் தூறலில் ஒருவர் என் அறையின் பின்வாசலில் வந்து நின்றார். தெருப்பக்கமாக வரவில்லை. தலையில் கட்டிய துண்டு புருவத்தை மறைத்து இறங்கியிருந்தது.

"உசுரோட இருக்கிற ஆளா தேடினு இருக்கீங்களாமே?"

"ஆமாம். ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும். முடியுமா?"

"ஆங்" என்றார். உட்கார்ந்தார்.

அப்படி உட்கார்ந்த ஒருவரை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. மனிதன் என்றால் தோளையாவது அசைப்பான், எச்சிலாவது விழுங்குவான். இவர் இமைப்பதையே எண்ணிப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கு இரண்டு தடவை. மூச்சு விடுகிறாரா என்று மார்பைப் பார்த்தேன். தூறலில் நனைந்த துணி உடம்போடு ஒட்டிக்கிடந்தது. அதில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

அன்று இன்னொன்றும் நடந்தது. மூன்று மாதமாக எனக்கு அடங்காத கை, கரிக்குச்சியைப் பிடித்ததும் தானாக ஓடியது. நான் அவர் தாடையைப் பார்க்கும்போதே கை தாடையைப் போட்டு முடித்திருந்தது. துண்டு மறைத்திருந்த இடத்திலும் புருவத்தைப் போட்டது. இடது புருவத்தின் நடுவில் ஓர் இடைவெளி விட்டது. கைநடுக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

எழுந்திருக்கும்போது அவர் துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார். இடது புருவத்தின் நடுவில், மயிர் முளைக்காத பழைய வெட்டுத் தழும்பு. நான் போட்டிருந்த அதே இடம், அதே அகலம்.

முதுகில் ஈரத்துணி போட்டதுபோல் இருந்தது. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டேன். "எனக்கு எதுக்குங்க தண்ணி" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போய்விட்டார்.

மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார். அதே அசையாமை. நான்தான் ஊர், மழை என்று பேசிக்கொண்டிருந்தேன். வர்ணம் தொட்டு ஆரம்பித்தேன். அவர் போன பிறகு என் மனைவி சோற்றுக்குக் கூப்பிட வந்தாள். சட்டத்தைப் பார்த்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, இந்த ஆளை எதுக்குத் திரும்பவும் போடறீங்க?"

"திரும்பவுமா?"

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி போட்டீங்களே, பர்மாவுல செத்துட்டவரு. படத்தை வாங்கினு போவ யாரும் வராம மூணு வாரம் நம்ம கூடத்துல மாட்டியிருந்ததே. அந்தப் புருவத்தைத் தினம் பாத்துகினுதானே நான் விளக்கேத்தினேன்!"

எனக்கு ஞாபகம் வந்தது. ஆர்.கே.பேட்டைப் பக்கத்து நெசவுக் குடும்பம். பர்மாவில் வேலைக்குப் போன மூத்தவர், யுத்தத்தில் ஊர்கள் காலியானபோது காட்டுவழி நடந்தவர்களோடு நடந்தார். வழியில் விழுந்துவிட்டார் என்று கூட வந்தவர் யாரோ சொன்னார்கள். இரண்டு வருடம் காத்திருந்து, பிறகு காரியம் செய்தார்கள். தம்பியை எதிரே உட்கார வைத்து அந்தப் படத்தைப் போட்டேன். இடது புருவத்துத் தழும்பு தம்பிக்குக் கிடையாது. அவர் சொல்லி நான் சேர்த்தது.

"நீங்க யார்கிட்டவோ பேசினு இருந்தீங்க, நேத்தும் இன்னிக்கும். நான் வந்து எட்டிப் பாக்கறதுக்குள்ள யாரும் இல்ல" என்றாள். என் நெற்றி நிறைய விபூதியைப் பூசினாள். புத்தூர்க் கட்டு இருந்த மணிக்கட்டில் இப்போது மஞ்சள் கயிறு ஏறியது.

மூன்றாம் நாள் அவர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். வராவிட்டால் படம் முடியாதே என்றும் கவலைப்பட்டேன். பன்னிரண்டே முக்காலுக்கு வந்து உட்கார்ந்தார். நான் தூரிகையைத் தொடவில்லை.

"நீங்கள் யார்?"

ஊர்ப்பேர் கேட்டவனுக்குப் பதில் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்: "நான் செத்து ரெண்டு வருஷம் ஆவுதுங்க. படம்கூட நீங்க போட்டதுதானாமே."

கதவுக்குப் பின்னால் விளக்குமாறும் கையுமாக நின்றிருந்த என் மனைவி உள்ளே வந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தாள். சிமிட்டித் தரையில் சேறு படிந்த இரண்டு பாதங்களின் தடம், பின்வாசலிலிருந்து ஸ்டூல் வரை. உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து அவர் எதிரே வைத்தாள்.

"குடிங்க அண்ணா. குடிச்சிட்டு அப்புறம் சொல்லுங்க, செத்தீங்களா பொழைச்சீங்களான்னு."

அவர் சொம்பை எடுத்தார். ஒரே மூச்சில் குடித்தார். குடித்தபின் தோள்கள் குலுங்கின. உட்கார்ந்த இடத்தில் அவர் உடம்பு அசைவதை அப்போதுதான் பார்த்தேன்.

விழுந்த இடத்தில் ஒரு மலைவாசிக் குடும்பம் அவரைத் தூக்கிப்போய்ப் பிழைக்க வைத்திருக்கிறது. யுத்தம் முடிந்து, கப்பலேறி, சித்திரையில் ஊர் வந்து சேர்ந்தார். பொழுது சாயும் நேரம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவர் படம், அதற்கு மாலை, கீழே விளக்கு. பொட்டில்லாத நெற்றியோடு அவர் மனைவி எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார். இவர் "அம்மா" என்று கூப்பிட்டார். தாயார் கதவைத் திறக்கவில்லை.

"உள்ள இருந்தே சொல்றாங்க, 'உனக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சிட்டோம்பா. ஒரு கொறையும் வைக்கல. போயிடு நைனா'ன்னு. அழுதுகினே சொல்றாங்க. நான் என்ன பண்றது? வந்துட்டேன்."

எங்கள் பக்கத்தில் காரியம் முடிந்தவன் வாசலுக்கு வந்தால் கதவு திறக்கக்கூடாது. திறந்தால் இன்னொருவரைக் கூட்டிப்போவான் என்பார்கள். அந்த வீட்டில் குழந்தைகள் இருந்தன. தாயாரைக் குற்றம் சொல்ல முடியாது.

அதன்பிறகு மலையடிவாரத்து மண்டபத்தில் கிடந்திருக்கிறார். "ஆறு மாசமா யாரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடலைங்க. எனக்கே சந்தேகம் வந்திடுச்சு. அப்போதான் சொன்னாங்க, நீங்க உசுரோட இருக்கிறவனைத்தான் இந்தத் தடவை போடுவீங்கன்னு. நீங்க போட்டுட்டா, நான் இருக்கேன்னு ஆயிடுமேன்னு வந்தேன்."

அன்றிலிருந்து அவர் தெருவாசல் வழியாக வந்தார், எங்கள் வீட்டில் சாப்பிட்டார். இருபதாம் தேதி படம் முடிந்தது. என் வாழ்நாளில் நான் போட்ட நல்ல படம் அதுதான். காதோரத்து நரையை மட்டும் வெள்ளையைக் கெட்டியாக அப்பிக் காட்டியிருந்தேன். மழைக்காலம், அது காயவே இல்லை. ரயிலில் எப்படி அனுப்புவது என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

"படம் மெட்ராஸுக்குப் போயிட்டா இவரு எங்க போவாரு?" என்றாள் என் மனைவி.

"இருபத்தைந்தாம் தேதிக்குள்..."

"இன்னும் நாள் இருக்குதில்ல? முதல்ல ஆர்.கே.பேட்டைக்கு வண்டி பேசுங்க."

இருபத்திரண்டாம் தேதி விடியற்காலையில் கிளம்பிய மாட்டுவண்டி சாயங்காலம் நாலு மணிக்கு அந்த ஊரைத் தொட்டது. அவரை வண்டிக் கூண்டுக்குள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டுப் படத்தோடு உள்ளே போனேன். தம்பி என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். மாலை போட்ட படத்துக்குக் கீழே என் புதுப் படத்தைச் சாய்த்து வைத்தேன். ஒரே முகம் இரண்டு. அவர் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டார்.

"எதிர்ல யாரு உக்காந்தது?" என்றார் தாயார்.

"அவரேதான் அம்மா. போன வாரம்."

தம்பிக்கு முகம் வெளுத்தது. "படக்காரரே, கையில மட்டுந்தான் அடிபட்டுச்சா, தலையிலயும் பட்டுச்சா? எழுந்து போங்க."

தாயார் விளக்கை எடுத்துக்கொண்டு வந்து புதுப் படத்தின் அருகே குந்தினார். மேலே இருப்பதைப் பார்த்தார், கீழே இருப்பதைப் பார்த்தார். காதோரத்தை விரலால் தொட்டார். காயாத வெள்ளை அவர் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"செத்தவனுக்கு நரைக்குமாடா?" என்று இளைய மகனைக் கேட்டார்.

தாயார் எழுந்து, விளக்கோடு நேரே வண்டிக்குப் போனார். அவர் வண்டியில் இருப்பதை நான் சொல்லவே இல்லை. கூண்டுக்குள் குனிந்து, உள்ளே இருந்தவர் காதோரத்தைப் பெருவிரலால் தேய்த்தார். மறுபடி தேய்த்தார். விரலைப் பார்த்தார்.

"இது வரலியே" என்றார். பிறகு, "நைனா" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் சரியாகச் சொல்ல முடியாது, நானும் அழுதுகொண்டிருந்தேன். இரண்டு நாள் கழித்துப் பெரியவர்கள் சொன்னபடி, அவரைப் பிறந்த பிள்ளைபோலப் புதுத்துணியில் கிடத்தி, நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, காதில் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்களாம். அவர் மனைவிக்கு அவரே மறுபடி தாலி கட்டினாராம்.

நான் படத்தைத் திரும்பக் கேட்டேன், கேட்கத்தான் செய்தேன். தாயார் விடவில்லை. "இதுலதான் நரை இருக்குது. இது இங்க இருந்தாதான் எனக்கு ராத்திரி தூக்கம் வரும்" என்றார். பதிலுக்கு மாலை போட்ட படத்தை என் கையில் திணித்தார்கள். உயிரோடு இருப்பவன் படத்தை எரிக்கவோ குளத்தில் போடவோ அந்த வீட்டில் யாருக்கும் துணிவில்லை. எனக்கும் இல்லை. இன்றும் என் பரணில் சுவர் பார்த்து இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை துடைக்கும்போது காதோரத்தைப் பார்ப்பேன். கறுப்பாகவே இருக்கிறது. தம்பியின் வாயால் கேட்ட ஒரு முகம் என் முறிந்த கைக்கு எப்படி ஞாபகம் இருந்தது என்பதற்கு மட்டும் எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

கண்காட்சிக்கு இரண்டு படங்கள்தான் போயின. மூன்றாவது இல்லாததால் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அச்சக வேலை வேறொருவருக்குப் போனது. கை தை மாதத்தில் முழுதாகச் சரியானது. அந்தக் கதை ஊரில் பரவியதும் உயிரோடு இருப்பவர்களும் என் எதிரே உட்கார வந்தார்கள். முதலில் வந்தவர் சாப்பாட்டுக் கடைக்காரர்.

கண்காட்சிக் கட்டணம் மூன்று ரூபாய், வண்டிக் கூலி நாலரை ரூபாய், துணியும் வர்ணமும் ஏழே கால், சட்டம் மூன்று ரூபாய் பதின்மூன்று அணா. மோரை இதில் சேர்க்கக்கூடாது என்பது என் மனைவியின் உத்தரவு. ஒருவரை இல்லாமல் ஆக்க ஒரு வதந்தியும் ஒரு மாலையும் போதும். இருக்கிற ஒருவரை இருக்கிறார் என்று சொல்வதற்கு எனக்கு ஆன செலவு மொத்தம் பதினெட்டு ரூபாய் ஒன்பது அணா.