ஐம்பதுக்கு ஒன்பது

போன வாரம் அக்கா மகள் கல்லூரி விடுதியிலிருந்து போன் செய்தாள். "சித்தி, ப்ளஸ் டூவுல கணக்குல சென்டம் எடுத்தேன். இங்க முதல் டெஸ்ட்லயே ஃபெயில். எனக்கு மூளை மழுங்கிடுச்சா?" நான் சிரித்துவிட்டேன். அவளுக்குக் கோபம். எனக்கோ கும்பகோணம் பஸ் ஸ்டாண்டின் டீசலும் பூக்கடையும் கலந்த வாசனை மூக்கில் ஏறிவிட்டது.

நன்னிலத்தில் படித்தபோது நானும் கணக்கில் புலிதான். சொல்லிக்கொள்வதில் என்ன கூச்சம்? பயிற்சி எண்ணைச் சொன்னால் விடை சொல்வேன். மார்க் குறைந்தால் டீச்சர் அப்பாவைத் தேடி வந்துவிடுவார். சம்பா நடவுக்கு நடுவே வரப்பில் நின்று என் காலாண்டுத் தேர்வை இருவரும் அலசியிருக்கிறார்கள்.

கும்பகோணம் கல்லூரியில் யாரும் துரத்தவில்லை. அதுதான் முதல் கஷ்டம். முதல் தேர்வில் ஒரு கேள்வி: இரண்டு மைனஸ் எண்களைப் பெருக்கினால் ப்ளஸ் வருவது ஏன்? இது சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே என்று, "அது விதி" என எழுதி அடிக்கோடும் போட்டேன். பேராசிரியர் அதன் பக்கத்தில் சிவப்பு மையில் கேட்டிருந்தார்: யார் போட்ட விதி? மொத்தம் ஐம்பதுக்கு ஒன்பது.

மார்க் வந்த மூன்றாம் நாள் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். இனி திரும்புவதில்லை என்பது முடிவு. அறைத்தோழி ஜமீலா பின்னாலேயே வந்தாள். கூத்தாநல்லூர்க்காரி. அவளுக்குப் பன்னிரண்டு மார்க். அந்த மூன்று மார்க் கர்வம்கூட இல்லாதவள்.

"போறதுன்னா போடி. யார் போட்ட விதின்னு தெரிஞ்சுக்காமயா போவே?"

எனக்கு ரோஷம் வந்தது. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். எழுதுகிற ஒவ்வொரு வரிக்கும் அவள் "ஏன்?" என்றாள். அடித்து அடித்துத் திரும்ப எழுதினேன். பன்னிரண்டு வருஷம் விடையை மட்டுமே சுமந்திருக்கிறேன் என்பது அங்கேதான் உறைத்தது. நன்னிலம் பஸ் இரண்டு போயின.

"சைபரை எதால பெருக்குனாலும் சைபர்தானே? அந்தச் சைபரை ஒண்ணு, மைனஸ் ஒண்ணுன்னு ரெண்டா உடைப்போமா?" என்றாள்.

உடைத்தோம். மைனஸ் ஒன்றால் இரண்டு துண்டையும் பெருக்கினோம். ஒரு துண்டு மைனஸ் ஒன்று. கூட்டினால் சைபர் வர வேண்டுமென்றால் மற்றது ப்ளஸ் ஒன்றாகத்தான் இருந்தாக வேண்டும். யாரும் போட்ட விதியில்லை. வேறு வழியே இல்லை. ப்ளஸ் டூ கணக்கில் இருநூற்றுக்கு இருநூறு வாங்கியபோதுகூட அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை. பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு விடுதிக்குத் திரும்பினோம்.

பிறகும் கஷ்டம் குறையவில்லை. பயம்தான் போனது.

செமஸ்டரில் தேறியவர்களின் நம்பர்களை வராந்தாச் சுவரில் ஒட்டினார்கள். ஒரே நெரிசல். ஜமீலா உயரம், எட்டிப் பார்த்து, "உன் நம்பர் இருக்குடி" என்றாள்.

"உன்னோடது?"

"இனிமேதான் பாக்கணும்."

அதுவும் இருந்தது. இப்போது முடிவு அவரவர் போனுக்கே வந்துவிடுகிறது. தன் நம்பருக்கு முன்னால் தோழியின் நம்பரைத் தேட, எந்தக் கல்லூரியிலும் சுவர் இல்லை.