மஞ்சளாகவே இருந்துவிட்ட படிகம்

சாரல் காலத்தில் தென்காசியில் உப்பு ஜாடியைத் திறந்தால் தண்ணீர்தான் இருக்கும். பீரோவில் மடித்து வைத்த சேலை பூசணம் பூத்துப்போகும். எனக்கு ஈரம் என்றாலே ஆகாது. அந்த எரிச்சல்தான் ஒருத்தியின் படிப்பைக் கெடுத்தது.

கல்லூரி ஆய்வகத்தில் எனக்கும் அவளுக்கும் ஒரே மேசை, ஒரே வழிகாட்டி. அவள் சாரல் எட்டாத திருவேங்கடத்துக்காரி. அவளுடைய முனைவர் பட்டம் முழுக்க ஒரு மஞ்சள் படிகத்தை நம்பியிருந்தது. ஒற்றை இரும்பு அணுவைச் சுற்றிக் கரிம மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டிருக்கும் சேர்மம். குளிர வைத்தால் இரும்பின் எலெக்ட்ரான்கள் ஜோடி சேரும், காந்தத்தன்மை விழும், நிறமும் மாறும். எந்த வெப்பநிலையில் மாறுகிறது என்று அளந்து காட்டிவிட்டால் பட்டம்.

நிறம் மாறியதை அவள் ஒரே ஒருமுறை பார்த்தாள். அந்த அளவுக்குக் குளிர வைக்க எங்கள் கல்லூரியில் திரவ நைட்ரஜன் ஏது? ஆய்க்குடிப் பக்கம் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் அண்ணாச்சியிடம் கெஞ்சி, காளை விந்தை உறைய வைக்க அவர் வைத்திருக்கும் நைட்ரஜன் கேனிலிருந்து ஒரு பிளாஸ்க் வாங்கி வந்தாள். அன்று எனக்குத் தேர்வு மேற்பார்வை. நான் திரும்பி வந்தபோது அவள் முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி, கத்தரிப்பூ நிறமாயிட்டு. வெளிய எடுத்ததும் திரும்ப மஞ்சளாயிட்டு."

போனில் எடுத்த படத்தில் வெறும் புகைதான் இருந்தது.

வெப்பநிலையை இறக்கிக்கொண்டே காந்தத்தன்மையை அளக்கும் கருவி வடக்கே ஒரு நிறுவனத்தில் இருந்தது. பல மாதம் காத்திருந்த பிறகு ஒரு நாள் ஒதுக்கினார்கள். அனுப்ப வேண்டிய வாரத்தில் அவள் அப்பாவுக்கு நெஞ்சுவலி. "நீயே கூரியர்ல போட்டுருட்டீ" என்று குப்பியை என் கையில் கொடுத்துவிட்டு ஊருக்கு ஓடினாள்.

மூன்று நாளாக விடாத சாரல். ஆய்வகச் சுவரெல்லாம் வேர்த்திருந்தது. குப்பிக்குள் படிகங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஈரத்தோடு அனுப்பினால் அங்கே சிரிப்பார்கள் என்று, யாரையும் கேட்காமல், மொத்தத்தையும் வெற்றிட அடுப்பில் வைத்து ஒரு பகல் முழுக்கக் காய வைத்தேன். மினுமினுப்புப் போய்க் கடலைமாவு மாதிரி உதிர்ந்தது. நன்றாகக் காய்ந்துவிட்டது என்று எனக்குத் திருப்தி வேறு. பாதியை அனுப்பினேன், மீதியை இறுக மூடி மேசையில் வைத்தேன். அடுப்பில் வைத்ததை அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. வறண்ட காட்டில் பிறந்த அவளாக இருந்தால் அப்படியே அனுப்பியிருப்பாள்.

வரைபடம் வந்தது. சடாரென்று இறங்க வேண்டிய கோடு கடைசிவரை நேராகவே போயிருந்தது. மீதிப் பொடியை அவள் மறுபடி நைட்ரஜனில் முக்கிப் பார்த்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"பனி படிஞ்சதப் பாத்துட்டு நிறம்னு நெனச்சிருப்ப" என்றார் வழிகாட்டி. நானும் "சரி, விடுட்டீ" என்றேன். புதிதாகச் செய்தால் படிகம் விழவில்லை, சேறுதான் வந்தது. ஒரு வருஷம் மல்லுக்கட்டிவிட்டு ராயகிரியில் பள்ளிக்கூட வேலைக்குப் போய்விட்டாள்.

அதன்பிறகு என் சேர்மம் ஒன்றைச் சூடாக்கி எடை பார்த்தேன்; உள்ளிருந்த தண்ணீர் போய் எடை குறைந்தபோதுதான் உறைத்தது. அவள் படிகத்துக்குள்ளேயும் தண்ணீர் மூலக்கூறுகள் உட்கார்ந்திருந்திருக்க வேண்டும். நான் காய வைத்ததில் அவை போனதும் நிற மாற்றமும் போனது. பதறிப்போய், அவள் விட்டுச்சென்ற பொடியைத் தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்தில் ஒரு வாரம் மூடிவைத்து நைட்ரஜனில் முக்கினேன். கத்தரிப்பூ நிறம். அவளிடம் சொல்லப் போனை எடுப்பேன், வைப்பேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு; பயந்தாங்கொள்ளிக்கு அதுவும் கிடையாது. இப்படியே இரண்டு வருஷம் ஓடிற்று.

போன வாரம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். டீக்கடையில் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடம் எப்படிப் போகிறது என்று கேட்டேன்.

"டைட்ரேஷன் வச்சா, நிறம் மாறிட்டான்னு இன்னொரு டீச்சரக் கூப்பிட்டுக் கேட்டுக்கிடுதேன். என் கண்ண எனக்கே நம்ப முடியல." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எனக்குத் தாங்கவில்லை. அடுப்பில் வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"அப்போ நான் பாத்தது நெசந்தானா?"

"நெசந்தான்டீ."

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"ரெண்டு வருஷமாச்சு."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எம் பிஎச்.டி. பதிவு போன ஆனியிலதான் ரத்தாச்சு. அதுவரைக்கும் நான் திரும்பி வந்திருக்கலாம்லாட்டீ."