நிற்பவர்களுக்குப் பாட்டுப் போடாதவர்

பிள்ளைகளே, உங்கள் அத்தையின் கல்யாண வரவேற்புக்குக் கிராமபோன்காரர் பிடிக்கும் வேலை என்னுடையது. கிள்ளானில் ஒருவர் தம் மிஷினின் பெருமையையே பேசினார். பிரிக்பீல்ட்ஸில் நான் பார்த்தவரோ, "யார் யாரெல்லாம் வராங்க தம்பி?" என்று விசாரித்தார். அவரையே பேசி முடித்தேன்.

ஒல்லியான மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்ட வெள்ளைக் கோட்டு. ஒவ்வொரு இசைத்தட்டையும் பட்டுக் கைக்குட்டையால் துடைத்து, மெல்ல ஊதிவிட்டுத்தான் வைப்பார்.

அன்று மாப்பிள்ளை வீட்டு ரயில்வே கிராணிமார், அதாவது ஆபீஸ் குமாஸ்தாக்கள், நாற்காலிகளில் அமர்ந்துவிட்டார்கள். பந்திங் ரப்பர் தோட்டத்திலிருந்து வந்த எங்கள் பெரியப்பாவும் சொந்தங்களும் பந்தல் ஓரத்திலேயே நின்றார்கள். தோட்டத்தில் கூலிகளுக்குக் கிராணிதான் அதிகாரி; கிராணிமார் எதிரில் உட்கார்ந்து அவர்களுக்குப் பழக்கமில்லை. நான் கூப்பிட்டும் வரவில்லை.

கிராமபோன்காரர் சாவி கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டார்.

"என்னய்யா, மிஷின் கெட்டுப்போச்சா?" என்றார் மாப்பிள்ளையின் மாமா.

"மிஷின் நல்லாத்தாங்க இருக்கு. நின்னுக்கிட்டே கேட்டா பாட்டு காதுக்குப் போகாது, காலுக்குப் போயிடும். அவங்களும் உக்காரட்டும்."

மாமா சிரித்துவிட்டார். தாமே எழுந்து ஒரு நாற்காலியைப் பெரியப்பாவிடம் கொண்டுபோனார். மற்றவர்களும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அதன்பிறகுதான் பாட்டு எழுந்தது.

பாட்டு முடிந்ததும் பெரியப்பா கிராமபோன்காரரிடம் உரக்கச் சொன்னார்: "தம்பி, அதையே இன்னொருக்கா போடுங்க!" அத்தனை கிராணிமார் நடுவில் அந்தக் குரலைக் கேட்டு எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

விடைபெறும்போது, "எங்க ஆளுங்களுக்காக ஏண்ணே காத்திருந்தீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னை வியப்பாகப் பார்த்தார். "உங்க வீட்டுக் கல்யாணந்தானே தம்பி?"