விளக்கு மங்கலாகத் தெரிந்த காலை

மலாயாவில் லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. பால்மரம் வெட்டப் பையனுக்கென்று தனியாக ஒரு நிரை, ஒரு மர வரிசை, கிடைத்த அன்று, அப்பன் அவனைக் கள்ளுக்கடைக்கு அழைத்துப் போய் முதல் குவளையைத் தன் கையால் கொடுக்க வேண்டும். என் மகனுக்குப் பதினாறு வயதில் நிரை கிடைத்தது. நானும் கொடுத்தேன். "ஆளாயிட்டான், பொண்ணு பாருப்பா," என்று சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு குடித்தான். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நாலைந்து மாதத்தில் அவனுக்குக் கள் போதவில்லை. ரயில் பாதைக்கு அப்பால் யாரோ களவாகக் காய்ச்சிய சம்சுவைத் தேடிப் போனான். பக்கத்து லயத்து வீட்டில் ஒருவர் அதைக் குடித்துத்தான் கண்ணை இழந்திருந்தார். தினமும் அவர் சுவரைத் தடவிக்கொண்டு குழாயடிக்குப் போவார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மகன் நினைவுதான் வரும். ஆனாலும் மகனிடம் வாய் திறக்கவில்லை. கொடுத்துப் பழக்கியவன் நான், எந்த முகத்தோடு சொல்வது? கை நடுக்கத்தில் அவன் பட்டையைத் தாண்டி வெட்டிய மரங்களில், கங்காணி பார்ப்பதற்குள் மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டு வருவேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஒரு நாள் விடியலில், பேர் கூப்பிடும் பிரட்டுக்குக் கிளம்பும்போது அவன் கண்ணைக் கசக்கினான்.

"விளக்கு ஏன் மங்கலா எரியுது?"

என் கண்ணுக்கு எப்போதும் போலத்தான் எரிந்தது. சிமினியைக் கழற்றித் துடைத்தேன். விரல் சுட்டது பிறகுதான் தெரிந்தது.

"இப்ப?"

"அதே மாதிரிதான். புகை மூடினாப்ல இருக்கு."

அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள்.

"சம்சு குடிச்சியா?" என்று கேட்டேன்.

"நேத்து சாயங்காலம். கொஞ்சந்தான்."

"எனக்குப் பயமா இருக்குப்பா," என்று அவன் தோளைப் பிடித்தேன்.

"நீங்கதானே மொதல்ல குடுத்தீங்க."

"ஆமா. நான்தான் குடுத்தேன். தப்புப் பண்ணிட்டேன். இனி நானும் குடிக்க மாட்டேன்."

பிரட்டுக்குப் போகாமல் அவன் கையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். வழியெல்லாம், "அந்தக் கொட்டகை தெரியுதா? அங்க நிக்கிற மாடு தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். "மாடுன்னு தெரியுது, நெறம் தெரியல," என்றான். நான் நடையை எட்டிப் போட்டேன்.

இரண்டு நாள் அங்கேயே படுக்க வைத்தார்கள். மூன்றாம் நாள் புகை விலகியது. "இன்னொரு தடவை குடிச்சா என்கிட்ட வராதே. என்னால ஒண்ணும் செய்ய முடியாது," என்றார் அங்கே மருந்து கொடுக்கும் டிரெசர்.

வீட்டுக்கு வந்த மறுநாள் மாலை, கள்ளுக்கடை திறக்கும் நேரம், நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன். அவன் குளித்துத் தலை வாரிக்கொண்டு வெளியே வந்தான்.

"நீங்க போகலையா?"

"போகல."

ரயில் பாதைப் பக்கம் பார்த்தபடி நின்றான். பிறகு என்னை விட்டுத் தள்ளி, படியின் மறுமுனையில் உட்கார்ந்து, "தேத்தண்ணி இருக்கா?" என்று உள்ளே குரல் கொடுத்தான்.

அதற்குப் பிறகும் வெகு நாள், விடியலில் என் மனைவி விளக்கை ஏற்றும்போதெல்லாம் நான் அவன் முகத்தைத்தான் பார்ப்பேன்.