பாரம் ஏறினால் துள்ளாத பிக்கப்

நேற்று ஒரு கராஜைக் கடக்கும்போது ஸ்பிரிங் தகடுகளில் பூசிய பழைய ஒயிலின் வாசம் வந்தது. கால் தானாக நின்றுவிட்டது. பெரியகல்லாற்றில் அப்பா வைத்திருந்த பிக்கப்பின் வாசம் அது. வயல் வட்டையிலிருந்து நெல் ஏற்றுவதற்காக அதன் அடிச்சட்டத்தை வெட்டி நீட்டி, இரும்புப் பட்டை வைத்து ஒட்டி, பின்சில்லுகளுக்கு மேலே நாலு தகடு கூடுதலாக அடுக்குவித்திருந்தார். மூட்டை ஏற்றினால் வாவியில் தோணி போவதுபோல் போகும். வெறுமையாக ஓடினால் கிறவல் ரோட்டில் முரட்டு மாடாகத் துள்ளும்.

அதனால், மூட்டை இல்லாத மாதங்களில் கர்ப்பிணி யாரையாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதென்றால், அப்பா ஹோர்ன் அடித்து, ஒழுங்கையில் விளையாடும் பிள்ளைகளைக் கூப்பிடுவார்.

"ஏறுங்க புள்ளயள்! பாரம் இருந்தாத்தான் வண்டி குலுங்காது."

ஒருநாள் முன்சீட்டில் இருந்தது என் அம்மா. மாதம் நிறையுமுன்னே வலி. பிள்ளைகளின் பாரம் போதவில்லை. வலையைக் கீழே போட்டுவிட்டு மீன்பிடிகாரர்கள் ஏறினார்கள், தண்ணிக்குடத்தை வைத்துவிட்டுப் பெண்கள் ஏறினார்கள். யாரோ இடுப்பில் கட்டியிருந்த ஈரச் சாரத்தில் முகம் புதைந்து, துள்ளாதே, துள்ளாதே என்று வழிநெடுக வண்டியிடம் சொல்லிக்கொண்டே போனேன். அது துள்ளவில்லை.

தம்பி பிறந்து முப்பத்தொன்றாம் நாள், துடக்குக் கழிந்ததும், வண்டியில் ஏறிய ஒவ்வொருவர் மடியிலும் அம்மா அவனை வைத்தார். கடைசியாக என் மடியில்.

"உன்ர பாரமும்தான் புள்ள இவனைக் காப்பாத்தினது."

அவன் ஒரு மரைக்கால் நெல்லின் பாரம்கூட இல்லை. அவனுக்காகத்தான் ஊரே ஏறியிருந்தது.