தார்ப்பாயும் எழுபது வளைவும்

ராஜஸ்தான் பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்களே, அந்த மே மாதம் எங்கள் மலைமேல் வளப்பூர் நாட்டு ஊர்களில் அதற்குப் பயந்து தண்ணீர்த் தொட்டிக்குத் தார்ப்பாய் கட்டிய வீரன் நான் ஒருவன்தான். ஜப்பானில் குண்டு விழுந்த ஊர்ப் பெண்களுக்குப் பல வருஷம் கழித்து மார்பில் புற்றுநோய் வந்ததாகப் பேப்பரில் படித்திருந்தேன். கோடை மழை அந்த விஷத்தை இங்கேயும் கொண்டுவந்து கொட்டிவிடும் என்று, பலாச்சுளை உரித்துக்கொண்டிருந்த அக்காவிடம் விளக்கினேன். புருஷன் போனபின் எங்களோடு இருந்தவள்.

"ஏஞ்சாமி, அங்கிருந்து நம்ம மலைக்கு வர அதுக்கு பஸ் கெடச்சிருச்சா?"

"சிரி, சிரி. நனஞ்சாத் தெரியும்."

மழை வந்ததும் வேண்டுமென்றே வாசலில் போய்க் கையை விரித்து நின்றாள்.

அடுத்த வருஷம் அவள் மார்பில் கட்டி. மழையால் இல்லை என்று டாக்டர் சிரிக்காமல் சொன்னார். சேலத்தில் ஆபரேஷன் முடிந்தது. புண் ஆறியதும் ஐந்து வாரம் கரண்ட் வைக்க வேண்டும் என்றார். கதிர்வீச்சு வைத்தியத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர்.

"ஏனுங்க டாக்டர், எதனால வருமோ அதையேவா வெப்பீங்க?"

"குண்டு அள்ளிக் கொட்டறதுங்க. இது அளந்து, அந்த எடத்துக்கு மட்டும்."

புரிந்தவன் போலத் தலையாட்டிவிட்டு, அக்காவைப் பஸ் ஏற்றி மலைக்கே கூட்டி வந்துவிட்டேன். தினமும் மலைப்பாதையின் எழுபது வளைவு இறங்கி ஏற அவள் உடம்பு தாங்காது, கொஞ்சம் தேறட்டும் என்று ஊருக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரியிலேயே தங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். அதை அவளிடம் சொல்லவே இல்லை. தாங்காதது என் உடம்பு.

நான்கு மாதம் போனது. தழும்புக்குப் பக்கத்தில் மிளகளவு ஒன்று தட்டுப்படுவதை அவளேதான் கண்டாள்.

"என்னயக் கூட்டிட்டுப் போடா. பயமா இருந்தா நீ வெளிய நில்லு."

வெளியேதான் நின்றேன்; ஆஸ்பத்திரி கேட்டுக்கும் வெளியே, டீக்கடையில். முதல் நாள் கரண்ட் வைத்து முடித்து வந்தவள் பின்னாலிருந்து என் தோளைத் தொட்டாள். துள்ளி விலகினேன். டீ கொட்டிவிட்டது.

"ஒட்டாதுடா. கேட்டுட்டுத்தான் வந்தேன்," என்றாள். அன்று அவள் சிரிக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் போய்விட்டாள். சொன்னபோதே வைத்திருந்தால் இருந்திருப்பாளா என்று டாக்டரிடம் கேட்டேன். காகிதத்தைப் பார்த்துக்கொண்டே, "சொல்ல முடியாதுங்க" என்றார்.

தார்ப்பாய்க் கதையை எங்கள் ஊர் டீக்கடையில் இன்றும் நடித்துக் காட்டுகிறேன். கடை முழுக்கச் சிரிக்கும். அவள் மழையில் கையை விரித்து நிற்கிற இடத்தோடு நிறுத்திக்கொள்வேன்.