தட்டில் இருந்த ஒன்று

அந்த நாய் ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'ரெண்டக்கா' என்றுதான் பெயர். டாக்டருக்குக் கத்தி எடுத்துக் கொடுப்பதிலிருந்து மேசை துடைப்பதுவரை பத்தொன்பது வருஷமாக எல்லாம் அவள்தான். ஆண் நாய்க்கோ பூனைக்கோ கருத்தடை நடந்தால், தட்டில் விழுந்த விதைகளை எண்ணி, "ரெண்டு, டாக்டர்!" என்று உரக்கச் சொல்வாள். அதற்குப் பிறகுதான் தையல். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்ப்பவள் என்று ஊரே சொல்லும். சொல்லும், சொல்லும்! ஊருக்கு என்ன தெரியும்?

ஆறு வருஷத்துக்கு முன்னால் அவள் தம்பியின் நாய் அந்த மேசையில் கிடந்தது. அதற்கு ஒரு விதை பைக்கு இறங்கியிருந்தது. இன்னொன்று இறங்காமல் வயிற்றுக்குள்ளேயே தங்கிவிட்டது. பயந்து பயந்து நின்ற தம்பியை, "நான் இருக்கேன்ல, போடா" என்று விரட்டியவள் அவள்தான். இறங்கியதை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, மற்றதுக்காக டாக்டர் வயிற்றைத் திறந்து அரை மணி நேரம் துழாவினார். கிடைக்கவே இல்லை. நாயின் மூச்சு தடுமாற ஆரம்பித்தது.

"மூடிடலாம்மா. ஆறு மாசம் கழிச்சு ஸ்கேன் பண்ணித் தேடுவோம். உன் தம்பிதானே, நீயே பக்குவமா சொல்லிடு."

அவளும் சொல்லத்தான் போனாள். தம்பி வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டும் எடுத்தாச்சாக்கா?" என்று கேட்டான். பாவி, தலையை ஆட்டிவிட்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளை என்பது ஆறு வருஷம் ஆகிவிட்டது.

இன்று காலை அவன் சிரித்துக்கொண்டே நாயோடு வந்தான். "அக்கா, கூத்தைக் கேளு. தெருவுல ஆண் நாயெல்லாம் இவன் பின்னாடியே சுத்துது. பொட்டைன்னு நினைச்சுடுச்சுங்க போல!"

அவள் குனிந்து பார்த்தாள். நாயின் விலாவில் முடி கொட்டியிருந்தது. காம்புகள் வீங்கியிருந்தன. உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. அடிவயிற்றில் கை வைத்தபோது பந்து மாதிரி ஒன்று தட்டுப்பட்டது. உள்ளே தங்கிய விதை கட்டியாகிப்போனால் ஆண் நாயையும் பொட்டை மாதிரி ஆக்கும், ரத்தத்தையும் வற்றவைக்கும் என்று டாக்டர் எத்தனை பேருக்குச் சொல்லிக் கேட்டிருக்கிறாள்!

ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "உடம்புல ரத்தமே ஊறல. ஆபரேஷனைத் தாங்குமான்னு தெரியல. எடுக்காம விட்டாலும் பிழைக்காது."

"எதை எடுக்கணும்?" தம்பிக்குப் புரியவில்லை. "அன்னைக்கே ரெண்டையும் எடுத்தாச்சே. அக்காதானே எண்ணுச்சு?"

டாக்டர் அவளைப் பார்த்தார். நாய் அவள் விரலை நக்கிக்கொண்டிருந்தது.

"எண்ணினேன்டா," என்றாள். "ஒண்ணுதான் இருந்துச்சு."

 தம்பி அவள் கையிலிருந்த நாயின் வாரை வாங்கித் தன் கையில் சுற்றிக்கொண்டான்.

"ஆபரேஷன் பண்ணிடுங்க, டாக்டர்," என்றான். "ஆனா மேசைகிட்ட வேற யாராவது நிக்கட்டும்."